கரும்புத் தோட்டத்து அணைக்கு யார் பொறுப்பு? கைவிடப்பட்ட அணையை நகராட்சி எடுத்துக்கொள்ள வைக்கும் வழி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் கரும்புக் காடுகளுக்கு நடுவே நடந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மேடுகளுக்கு இடையில் ஒரு மண்கரை. அதற்குப் பின்னால் ஆகாயத்தாமரை மூடிய நீர். எந்தக் காலத்திலோ தோட்ட முதலாளி கட்டியது. தோட்டம் கைமாறி, துண்டு துண்டாக விற்கப்பட்டு, கம்பெனியும் மூடப்பட்ட பிறகு கரை மட்டும் நிற்கிறது. அதன் மேல் தைலமரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. கீழே ஓடை போகிற வழியில் நம் வீடுகள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான க்வாஸுலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் மேட்டிலுள்ள அணை அந்த வாரம் உடையவில்லை. மழை விட்டதும் மூன்று பேர் ஏறிப் போய்ப் பார்த்தோம். கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. உபரி நீர் வழிய வேண்டிய கலிங்கில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் சிக்கிக் கிடந்தது. "இது யாருடையது?" என்று கேட்டோம். ஃபிரிட்ஜை அல்ல, அணையை. கவுன்சிலருக்குத் தெரியவில்லை. வார்டு கமிட்டிக்கும் தெரியவில்லை. அன்று தொடங்கிய காகித வேலையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் சங்கத்துக்கு ஒரு வக்கீலும் ஒரு பொறியாளரும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதிச் செலவு மிச்சம்.

இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. 1905-ல் உம்பிலோ ஆறு ஒரு கோயிலையே அடித்துக்கொண்டு போனது. 1917-ல் உம்கேனி ஆறு ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த தகரக் குடிசைகளை மூழ்கடித்தபோது, படவட்டன் அறுவர் என்று இன்றும் பேசப்படும் ஆறு பேர் படகில் போய் சுமார் 175 பேரைக் கரையேற்றினார்கள். ஆற்றின் மேல் வழக்குப் போட முடியாது, அது வேறு. அணை மனிதன் கட்டியது. அதற்கு எங்கோ ஒரு பத்திரமும் ஒரு பொறுப்பாளியும் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிடலாம். 'நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தட்டும்' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் வயதானவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்காமல் என்ன செய்வார்கள்? நிறவெறி ஆட்சியில் டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் எழும்பியதே இந்திய வாழைத் தோட்டக்காரர்களிடமிருந்து எடுத்த நிலத்தில்தான். கேட்டோ மேனரில் தாத்தாக்களின் வீடுகள் போன கதை எல்லார் வீட்டிலும் உண்டு. அதே அதிகாரத்தை நாமே கூப்பிட்டு அழைப்பதா என்ற கேள்வி நியாயமானது. என் பதில்: அன்று அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் இல்லை. இன்று அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு இருக்கிறது. பொதுக் காரணமும் நியாயமான இழப்பீடும் இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்க முடியாது. அந்தக் கடிவாளம் நம்மையும் கட்டும். அதனால் ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குக் குதிக்காதீர்கள்.

முதல் படி: அளந்து பாருங்கள்

1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் எல்லாக் குட்டைகளையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கரை 5 மீட்டருக்கு மேல் உயரமும், கொள்ளளவு 50,000 கன மீட்டருக்கு மேலும் இருந்தால் அது 'பாதுகாப்பு அபாயமுள்ள அணை'. 50,000 கன மீட்டர் என்றால் 5 கோடி லிட்டர். இதைவிடச் சிறியதையும் அமைச்சர் அந்த வகையில் சேர்த்து அறிவிக்கலாம்.

உயரத்தைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அளக்காதீர்கள். கரையின் வெளிப்புறம், கீழே நிலம் எங்கே மிகத் தாழ்ந்திருக்கிறதோ அங்கிருந்து கரையின் உச்சி வரை அளக்க வேண்டும். கொள்ளளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: நீர்ப்பரப்பை ஆழத்தால் பெருக்கி, அதில் 10-ல் 4 பங்கு எடுங்கள். 2 ஹெக்டேர் பரப்பும் 6 மீட்டர் ஆழமும் இருந்தால் 48,000 கன மீட்டர். கோட்டுக்கு ஒரு முழம் கீழே! இப்படிக் கிட்டத்தில் வந்தால் சர்வேயரை வைத்துச் சரியாக அளக்க வேண்டும். வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்திருப்பதையும் அவர் சொல்வார்.

அளவோடு, உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து அணைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். 12 மீட்டருக்குக் குறைவான சின்ன அணையாக இருந்தாலும் கீழே வீடுகள் இருந்தால் இரண்டாம் வகைக்குப் போய்விடும். கட்டியபோது கீழே வெறும் கரும்பு. இன்று 200 வீடு. கரை ஒரு செங்கல்கூட உயராமல் அணையின் வகை ஏறிவிடும். பழைய பதிவேட்டில் 'முதல் வகை' என்று இருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள்.

இந்தச் சமயத்திலேயே படம் எடுத்து வையுங்கள். தேதியோடு, ஒவ்வொரு மாதமும், அதே இடத்தில் நின்று. கரையின் வெளிச்சரிவில் ஈரத்திட்டு, கலங்கலாக வரும் கசிவு, உச்சியில் விரிசல், எறும்புத்தின்னி தோண்டிய வளை, மரவேர். தெளிவாகக் கசியும் நீரைவிடக் கலங்கிக் கசியும் நீர் ஆபத்து. அது கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு அதிகம் நேரம் பிடித்தது இதுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நிலத்தின் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் வரைபடம் வாங்குங்கள். ஏனென்றால் அணை பெரும்பாலும் ஒரே நிலத்தில் இருக்காது. கரை ஒருவர் பெயரில், நீர் தேங்கும் இடம் மூவர் பெயரில், மதகுக்குப் போகும் பாதை நான்காமவர் பெயரில் இருக்கும். நான்கு பெயரும் வேண்டும். அடமானம் இருக்கிறதா, வழியுரிமை எழுதியிருக்கிறதா என்பதும் அதே பத்திரத்தில் தெரியும்.

பதிவானவர் இறந்துவிட்டால், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் யார் நிர்வாகி என்று பார்க்க வேண்டும். டிரஸ்ட் என்றாலும் அங்கேதான். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவகத்தில் நிலை பாருங்கள். பதிவு நீக்கப்பட்ட கம்பெனியின் சொத்து, உரிமையாளரில்லாச் சொத்தாக அரசுக்குப் போய்ச் சேரும். அப்படியானால் நீங்கள் தேடி அலையும் உரிமையாளர் பிரிட்டோரியாவில் இருக்கிறார்! கையகப்படுத்தும் பேச்சே மாறிவிடும், அரசின் ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஸுலு மன்னர் அறங்காவலராக இருக்கும் இங்கோன்யாமா டிரஸ்ட் நிலம் கொஞ்சம் கலந்திருந்தாலும் தனிப் பேச்சுவார்த்தை வேண்டும்.

அரசு அலுவலகங்களில் கோப்பு கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். 2000-ஆம் ஆண்டின் 2-வது சட்டமான தகவல் பெறும் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அணைப் பதிவு, பழைய ஆய்வறிக்கைகள், உரிமையாளருக்குப் போன கடிதங்கள் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: எடுப்பதற்கு முன் கட்டளை போடச் சொல்லுங்கள்

கையகப்படுத்தல் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் மறந்துபோவது இதைத்தான். நீர்ச் சட்டத்தின் 118-வது பிரிவு, உரிமையாளர் தன் செலவில் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் அறிக்கையைத் தர வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்று கட்டளையிட அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. குறித்த நாளுக்குள் செய்யாவிட்டால் அமைச்சரே வேலையைச் செய்து செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். இந்தச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்றால் அணையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரும்தான். பத்திரத்தில் பெயர் இல்லாதவர், குத்தகைக்காரர், தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்பவர் தப்பிக்க முடியாமல் போகலாம்.

ஆகவே முதல் மனு நகராட்சிக்கு அல்ல, நீர்வளத் துறையின் அணைப் பாதுகாப்புப் பிரிவுக்கு. நாட்டில் பதிவான இத்தகைய அணைகள் 5,000-க்கும் மேல், அதனால் உங்கள் மனு கவனம் பெறப் படங்களும் அளவுகளும் கூடவே போக வேண்டும். கட்டளை போட்டு உரிமையாளர் பணிந்தால் வேலை முடிந்தது. பணியாவிட்டாலும் நஷ்டமில்லை. அவர் பொறுப்பைத் தட்டிக்கழித்தார் என்பதற்கு ஓர் அரசு ஆவணம் கிடைத்துவிட்டது. பின்னால் இழப்பீட்டுத் தொகை பேசும்போது அதன் மதிப்பு தெரியும்.

மழைக்காலம் வாசலில் நின்றால் எதற்கும் காத்திருக்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நகராட்சி நடவடிக்கை எடுக்கலாம். சுற்றுச்சூழல் சட்டத்தின் 30-ஏ பிரிவில், நெருக்கடியின்போது வாய்மொழியாகவே அனுமதி தரவும் இடமுண்டு. பம்ப் வைத்து நீர்மட்டத்தை 2 மீட்டர் இறக்கிவிட்டால் அந்த வருடம் நிம்மதியாகத் தூங்கலாம்.

நான்காம் படி: உண்மையிலேயே அணை வேண்டுமா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அணையை எடுப்பவர் அதன் கடனையும் சேர்த்தே எடுக்கிறார். பத்திரம் நகராட்சி பெயருக்கு மாறிய அந்த நிமிடத்திலிருந்து, இதுவரை யார் மேல் கல்லெறிந்தோமோ அந்த நாற்காலியில் நகராட்சி உட்காருகிறது. அதாவது நம் வரிப்பணம் உட்காருகிறது.

நகராட்சி அணை வைத்திருப்பது ஒன்றும் அதிசயமில்லை. கேப் டவுன் மாநகரத்துக்கு வெம்மர்ஸ்ஹூக், ஸ்டீன்பிராஸ் அணைகள் சொந்தம். டேபிள் மலை மேலிருக்கும் வுட்ஹெட் அணை 1897-ல் முடிந்தது, இன்னும் நிற்கிறது. ஆனால் அங்கே அணைக்கென்று ஆள் இருக்கிறார்கள். உங்கள் நகராட்சியின் தண்ணீர்க் குழாய்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று பாருங்கள், பதில் அங்கேயே கிடைக்கும்.

வேறு நாட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிட்டபவாசி ஆற்றுப் பக்கம் நான்கு அணைகள் ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தன. அதில் ஈடன்வில் அணையின் கலிங்கு போதாது என்று சொல்லி, மத்திய எரிசக்தி ஆணையம் 2018-ல் மின் உற்பத்தி உரிமத்தை ரத்து செய்தது. மிட்லண்ட், கிளாட்வின் என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்து ஃபோர் லேக்ஸ் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற அமைப்பிடம் பொறுப்பைக் கொடுத்து, நான்கையும் 94 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் பேசின. ஒப்பந்தம் முடியுமுன் 2020 மே 19 அன்று ஈடன்வில் உடைந்தது. அந்த நீர் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையையும் கொண்டுபோனது. சுமார் 10,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கம்பெனி திவால் மனு போட்டது. அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டு கடைசியில், கட்டாயக் கையகப்படுத்தல் மூலம் அணைகள் மாவட்டங்களின் கைக்கு வந்தன. சரிசெய்ய மாநில அரசு 20 கோடி டாலர் கொடுத்தும் போதாமல், மீதியை ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் தலையில் சிறப்பு வரியாகப் போட்டார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

இதில் நான் இரண்டு விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, அணை காகிதத்துக்காகக் காத்திருக்காது. மூன்றாம் படியை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டாவது, ஈடன்வில் கரைக்கு மேல் தண்ணீர் வழியவே இல்லை. 1920-களில் தளர்வாகக் கொட்டிய மணல் ஈரத்தில் திடீரென்று குழம்பாக ஓடிவிட்டது என்று விசாரணைக் குழு சொன்னது. எல்லாரும் கலிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், கரை வயிற்றிலிருந்து போனது. கரையின் உள்ளே துளையிட்டு மண் எடுத்துப் பார்க்காத எந்த அறிக்கையையும் நம்பி நகராட்சி கையெழுத்துப் போடக் கூடாது.

ஆகவே பொறியாளரிடம் நான்கு வழிக்கும் விலை கேளுங்கள்: முழுதாகச் சரிசெய்தல், நீர்மட்டத்தை நிரந்தரமாகக் குறைத்தல், மழைநீரைச் சற்று நேரம் மட்டும் தாங்கும் வெற்று அணையாக மாற்றுதல், கரையை வெட்டி ஓடையைத் திறந்துவிடுதல். எங்கள் அணைக்கு நான்காவதுதான் மலிவு. ஏரி போகுமே என்று சிலருக்கு வருத்தம், எனக்கும்தான். 60 வயதைத் தாண்டிய கட்டுமானம் என்றால், கை வைப்பதற்கு முன் பாரம்பரியத் துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: யாருக்கு அதிகாரம்?

நகராட்சிக்குத் தானாகவே இந்த அதிகாரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கையகப்படுத்தலுக்கும் ஒரு சட்டப் பிரிவைக் காட்ட வேண்டும். அணைக்குப் பொருத்தமானது நீர்ச் சட்டத்தின் 64-வது பிரிவு. அது அமைச்சருக்கும், அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த நீர் நிர்வாக அமைப்புக்கும் உரியது. அப்புறம் பொதுவான கையகப்படுத்தல் சட்டம். 1975-ஆம் ஆண்டின் 63-வது சட்டம் பழையது. அதன் இடத்துக்கு வருவது 2024-ஆம் ஆண்டின் 13-வது சட்டம், ஜனாதிபதி ராமபோசா 2025 ஜனவரியில் கையெழுத்திட்டார். கையெழுத்தான நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு. அதற்குத் தனி அறிவிப்பு அரசிதழில் வர வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. புதிய சட்டப்படி, அதிகாரமில்லாத ஓர் அரசு அமைப்பு எழுத்தில் கேட்டு, பொதுத் தேவையை நிரூபித்தால், பொதுப்பணித் துறை அமைச்சர் அதற்காக எடுத்துக் கொடுக்கலாம்.

காரணத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். குடிநீர் வழங்கலும், கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் மழைநீர் வடிகாலும் சாசனத்தின் நான்காம் அட்டவணைப்படி நகராட்சியின் வேலை. ஏரிக்கரையில் பூங்கா அமைக்கிறோம் என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

ஆறாம் படி: பேச்சு, நோட்டீஸ், இழப்பீடு

புதிய சட்டம் தெளிவாகச் சொல்கிறது: நியாயமான விலைக்குப் பேசிப் பார்த்து, முடியாமல் போன பிறகுதான் கட்டாயம். பேசியதற்குக் கடிதங்கள் வேண்டும். பிறகு இடத்தை ஆராய வேண்டும், பதிவான உரிமையோடு பதிவாகாத உரிமைகளையும் தேட வேண்டும். நம் ஊரில் இது பெரிய விஷயம். தோட்டக் குடியிருப்புக் காலத்தில் கட்டிய சின்ன மாரியம்மன் கோயில், வேலியில்லாத கல்லறைகள், மூன்று தலைமுறையாக அங்கே குடியிருப்பவர்கள் எதுவும் பத்திரத்தில் இருக்காது. 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளுக்குப் பாரம்பரியச் சட்டத்தின் 36-வது பிரிவு காவல். வயதான ஆயாக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். எங்கள் சர்வேயர் தவறவிட்ட இரண்டு கல்லறைகளை ஓர் ஆயா காலால் தட்டிக் காட்டினார்.

அடுத்து, கையகப்படுத்தப் போகிறோம் என்ற முன்னறிவிப்பு. ஆட்சேபத்துக்கு 30 நாள். பிறகு கையகப்படுத்தும் நோட்டீஸ், அதில் குறித்த நாளில் உரிமை மாறும்.

இழப்பீடு 'நியாயமும் சமநிலையும்' கொண்டதாக இருக்க வேண்டும். சந்தை விலை அதில் ஒன்றுதான். இப்போதைய பயன்பாடு, சொத்து வந்த வரலாறு, அரசு செலவிட்ட பணம், எடுக்கும் நோக்கம் எல்லாம் தராசில் ஏறும். பழுதான அணையின் சந்தை விலை என்ன? புத்தியுள்ள வாங்குபவர் பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். சில அணைகளுக்கு அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். கட்டளை ஆவணமும் பொறியாளர் அறிக்கையும் இங்கேதான் சம்பாதித்துக் கொடுக்கும்.

'இழப்பீடே இல்லாமல் எடுக்கலாமாமே?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். புதிய சட்டத்தின் 12-வது பிரிவில் அப்படி ஓர் இடம் உண்டு. கவனித்துக்கொள்ளும் வசதி இருந்தும் உரிமையாளர் நிலத்தைக் கைவிட்டிருந்தால், சுழியம் நியாயமாக இருக்கலாம் என்கிறது. 'இருக்கலாம்' என்பதுதான் வார்த்தை. அதுவும் 'பொதுநலனுக்காக' எடுத்தால் மட்டும், 'பொதுக் காரியத்துக்காக' என்றால் இல்லை. இரண்டும் சட்டத்தில் வெவ்வேறு. சுழியத்தை நம்பித் திட்டம் போட்டால் ஐந்து வருடம் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும், அணை அதற்குள் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் பணம் கொடுத்துச் சீக்கிரம் முடிப்பதே மேல் என்பது என் கட்சி.

தொகையில் தகராறு வந்தால் எடுப்பதே நின்றுவிடுமா? நிற்க வேண்டியதில்லை. டர்பனில் வெள்ளத்தடுப்புக் கால்வாய் வேலைக்காக ஈத்தெக்வினி நகராட்சி நிலம் எடுத்த வழக்கில், 2011-ல் அரசியல் சாசன நீதிமன்றம், தொகையை முன்னதாகவே முடிவுசெய்வது கட்டாய நிபந்தனை அல்ல, முடியாதபோது பின்னால் இயன்றவரை சீக்கிரம் முடிவுசெய்ய வேண்டும் என்றது. குடியிருப்பவரை வெளியேற்றுவது மட்டும் வேறு விஷயம்.

ஏழாம் படி: தண்ணீர் தனி, பணம் தனி

கரை நகராட்சிக்கு வந்ததும் தண்ணீரும் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இந்த நாட்டில் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, தேசிய அரசு அதன் அறங்காவலர். தேக்கவும் எடுக்கவும் தனி அனுமதி. நீர் உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட முடியாது என்று 2023-ல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குடிநீருக்காகத்தான் எடுக்கிறீர்கள் என்றால் உரிம விண்ணப்பத்தை முதல் நாளே போட வேண்டும்.

பணத்துக்கு 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 19-வது பிரிவு. திட்டத்தின் மொத்தச் செலவையும், முடிந்த பிறகு வருடா வருடம் ஆகும் பராமரிப்புச் செலவையும் கவுன்சில் பார்த்த பிறகுதான் ஒப்புதல் தர முடியும். கவுன்சில் கூட்டத்தில் வாங்கும் விலையைப் பற்றியே மூன்று மணி நேரம் பேசுவார்கள். எழுந்து நின்று பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எங்கே என்று கேளுங்கள். புல் வெட்ட ஆள், வால்வுக்கு எண்ணெய், கசிவை அளக்கும் தொட்டி, குறித்த இடைவெளியில் பொறியாளர் ஆய்வு. அந்த இடத்தில் சுழியம் இருந்தால் அன்றைக்கு வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

பத்திரம் மாறிய வாரத்தில்

புதிய உரிமையாளர் யார் என்பதை நீர்வளத் துறைக்கு உடனே தெரிவிப்பது சட்டக் கடமை, அந்தக் கடிதத்தின் நகலைச் சங்கத்தில் வையுங்கள். கரையிலுள்ள மரங்களை நீங்களாகவே வெட்டாதீர்கள். பெரிய மரத்தின் செத்த வேர் கரைக்குள் குழாய் மாதிரி வழி விடும், பொறியாளர் சொல்லும் முறையில்தான் எடுக்க வேண்டும். கலிங்கில் கிடக்கும் ஃபிரிட்ஜை மட்டும் நீங்களே அகற்றலாம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை அகற்றினோம். பிறகு மதகின் சாவி யாரிடம் இருக்கிறது, இரவு 2 மணிக்கு மழை கொட்டும்போது அதைத் திறக்கத் தெரிந்தவர் யார், அவர் வராவிட்டால் அடுத்தவர் யார் என்று மூன்று பெயர்களை எழுதி, ஓடைக்கரையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள்.